பாட்டி முதல் பேரன் வரை: எல்லோரும் சேர்ந்து போக எந்த இடம் நல்லது?

விடுமுறைக்கு வெளியே போகலாம் என்று பேச்செடுத்தால் ‘எங்கே?’ என்ற கேள்வியிலேயே பாதி நாள் போய்விடும். ‘யாரெல்லாம் வருகிறார்கள்?’ என்று முதலில் கேட்டுப் பாருங்கள். முட்டி வலியோடு ஒரு பாட்டி, காதுக்கருவி போட்டிருக்கும் தாத்தா, நாலு வயதுக் குழந்தை, எதைச் சொன்னாலும் ‘போர்’ என்கிற பதின்ம வயதுப் பெண், சக்கர நாற்காலியில் வரும் சித்தப்பா. இவர்களில் இரண்டு பேராவது ஏறக்குறைய எல்லாக் குடும்பத்திலும் இருப்பார்கள். இந்த ஐந்து பேரையும் மனதில் வைத்துக்கொண்டு, பக்கத்திலேயே கிடைக்கக்கூடிய இடங்களையும் நிகழ்ச்சிகளையும் ஒப்பிட்டுப் பார்க்கிறேன்: அருங்காட்சியகம், அரங்க நிகழ்ச்சி, திறந்தவெளி இசை விழா, பூங்கா, நூலகம், இரவில் தொலைநோக்கி வழியே வானம் பார்ப்பது.

என் அளவுகோலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீடு திரும்பியதும் பாட்டியே ‘மறுபடி எப்போ போகலாம்?’ என்று கேட்டால் அதுதான் நல்ல இடம். அப்படிக் கேட்க வேண்டுமென்றால் அங்கே மூன்று வசதி வேண்டும். உட்கார இடம், கையெட்டும் தூரத்தில் கழிப்பறை, முடியாதபோது நடுவிலேயே கிளம்பி வரக்கூடிய சுதந்திரம். இந்த மூன்றாவதைப் பலர் யோசிப்பதே இல்லை. எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது.

திரும்பத் திரும்பப் போவதற்கு ஏன் இவ்வளவு அழுத்தம் கொடுக்கிறேன் என்றால், அதற்கு ஓர் ஆய்வு காரணம். இங்கிலாந்தில் 50 வயதைக் கடந்த 6,710 பேரைப் பதினான்கு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, 2019-இல் ஒரு மருத்துவ இதழில் முடிவை வெளியிட்டார்கள். அருங்காட்சியகம், கலைக்கூடம், கச்சேரி, நாடகம் என்று சில மாதங்களுக்கு ஒரு முறையாவது போனவர்களுக்கு, அந்தக் காலத்தில் இறக்கும் வாய்ப்பு, போகவே போகாதவர்களைவிட 31 சதவீதம் குறைவாக இருந்தது. ஆண்டுக்கு ஓரிரு முறை மட்டும் போனவர்களுக்கு 14 சதவீதம் குறைவு. உடம்பு நன்றாக இருப்பவர்கள்தானே வெளியே போவார்கள் என்ற கேள்வி நியாயமானது. ஆய்வாளர்கள் உடல்நலம், நடமாட்டம், வசதி எல்லாவற்றையும் கணக்கில் எடுத்துக்கொண்ட பிறகும் வித்தியாசம் முழுதாக மறையவில்லை. கலை நிகழ்ச்சிக்குப் போனதால்தான் ஆயுள் கூடியது என்று இதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் ஆண்டுக்கு ஒரு முறை பெரிய ஆரவாரத்தோடு போவதைவிட, சிரமமில்லாமல் அடிக்கடி போக முடிகிற இடத்தைத் தேர்ந்தெடுப்பது மேல் என்று எனக்குத் தோன்ற இது போதும்.

அருங்காட்சியகம்

கூரை உண்டு, கழிப்பறை உண்டு, நினைத்தபோது வெளியே வரலாம். குழந்தை ஒரு காட்சிப் பெட்டியின் முன்னால் அரை மணி நேரம் நின்றாலும், இன்னொன்றைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஓடினாலும் யாரும் எதுவும் சொல்லப்போவதில்லை. என் பட்டியலில் முதலிடம் இதற்குத்தான்.

ஆனால் பலர் இங்கிருந்து களைத்துப்போய்த்தான் திரும்புகிறார்கள். 1916-இலேயே பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தைச் சேர்ந்த பெஞ்சமின் ஐவ்ஸ் கில்மன் இதற்கான காரணத்தைத் தேடினார். ஒரு மனிதரைக் காட்சிப் பெட்டிகளின் முன் நிறுத்தி, பொருளைப் பார்ப்பதற்கும் குறிப்பைப் படிப்பதற்கும் அவர் எப்படியெல்லாம் குனிகிறார், குந்துகிறார், கழுத்தை ஒடிக்கிறார் என்று வரிசையாகப் படம் எடுத்தார். நடையைவிட, நிற்பதும் குனிவதும் நிமிர்வதும்தான் ஆளைச் சாய்க்கிறது என்பது அந்தப் படங்களைப் பார்த்தாலே விளங்கும். நூறு ஆண்டுக்கு மேலாகியும் பல இடங்களில் நிலைமை அதேதான்.

சித்தப்பாவின் நாற்காலி உயரத்துக்கு நீங்களும் ஒரு முறை குனிந்து, ஒரு காட்சிப் பெட்டியைப் பாருங்கள். உட்கார்ந்திருப்பவரின் கண் தரையிலிருந்து ஏறக்குறைய 110 முதல் 130 செ.மீ. உயரத்தில் இருக்கும். சிறிய பொருள் ஒன்றை அந்த உயரத்துக்கு மேலே தட்டில் வைத்துவிட்டால் அவருக்குத் தெரிவது அதன் அடிப்பக்கம்தான். நாணயமோ மோதிரமோ என்றால் தட்டின் விளிம்பு மட்டும்தான் தெரியும். குறிப்பு அட்டை கண்ணாடிக்குப் பின்னால் படுத்த நிலையில் இருந்தால் மேலே எரிகிற விளக்கு கண்ணாடியில் பட்டு எழுத்தையே மறைத்துவிடும். சிலை, ஓவியம், எலும்புக்கூடு, பெரிய இயந்திரம் இருக்கும் கூடங்கள் அவருக்கும் குழந்தைக்கும் ஒருசேரப் பிடிப்பதற்கு இதுவும் ஒரு காரணம். அங்கே யாரும் எட்டிப் பார்க்க வேண்டியதில்லை.

எனவே எல்லாக் கூடத்தையும் பார்த்தே தீருவது என்று கிளம்பாதீர்கள். இரண்டு கூடம், ஒரு மணி நேரம், அவ்வளவு போதும். மீதியை அடுத்த முறைக்கு வைத்துக்கொள்ளலாம். மடக்கு நாற்காலியும் சக்கர நாற்காலியும் பல அருங்காட்சியகங்களில் இரவல் தருவார்கள். வாசலில் கேட்டால்தான் எடுத்துக் கொடுப்பார்கள். பார்வை இல்லாதவர்கள் உடன் வந்தால் தொட்டுப் பார்க்கும் மாதிரிகள் இருக்கின்றனவா என்றும் கேளுங்கள். மாட்ரிடில் 1992-இல் திறந்த திஃப்லோலோகிகோ அருங்காட்சியகத்தில், உலகப் புகழ்பெற்ற கட்டடங்களின் சிறு வடிவங்களைக் கையால் தடவித் தெரிந்துகொள்ளலாம். அதை நடத்துவதே பார்வையற்றோர் அமைப்பு ஒன்றுதான். அந்தப் பழக்கம் இப்போது சாதாரண அருங்காட்சியகங்கள் பலவற்றுக்கும் வந்திருக்கிறது. கண் தெரிகிற குழந்தைகளும் அந்த மாதிரிகளை விட்டு நகர மறுப்பதைப் பார்க்கலாம்.

மே 18 பன்னாட்டு அருங்காட்சியக நாள். 1977-இலிருந்து கொண்டாடுகிறார்கள். அன்று பல இடங்களில் அனுமதி இலவசம், சிறப்பு நிகழ்ச்சிகளும் உண்டு. பதின்ம வயதுப் பெண்ணை அன்றைக்கு அனுப்பிவையுங்கள். பாட்டியையும் சித்தப்பாவையும் கூட்டமில்லாத வேறொரு வார நாளின் காலையில் அழைத்துப் போங்கள்.

அரங்க நிகழ்ச்சி

இசையோ நாடகமோ நடனமோ, உட்கார இருக்கை உறுதி. எத்தனை மணிக்குத் தொடங்கும், எத்தனை மணிக்கு முடியும் என்பது முன்பே தெரியும். முட்டி வலிக்காரருக்கு அருங்காட்சியகத்தைவிட இது வசதி என்றுகூடச் சொல்லலாம். குறை எங்கே என்றால், நடுவில் எழுந்து வருவது கஷ்டம். வரிசையின் நடுவில் உட்கார்ந்துவிட்டால், கழிப்பறைக்குப் போக எட்டுப் பேரை எழுப்ப வேண்டும். அந்தச் சங்கடத்துக்குப் பயந்து தண்ணீரே குடிக்காமல் வரும் பெரியவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஓர இருக்கை கேட்டு வாங்கினால் இந்தத் தொல்லையில் பாதி தீர்ந்துவிடும். முட்டியை மடக்க முடியாதவருக்கு, காலை நீட்டும் பக்கத்தில் நடைபாதை வரும்படி பார்த்து எடுக்க வேண்டும். வலது காலா இடது காலா என்று டிக்கெட் எடுக்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

தாத்தாவுக்காக ஒன்று. சில அரங்குகளின் வாசலில் ஒரு காது, அதன் குறுக்கே ஒரு கோடு, மூலையில் ‘டி’ என்ற ஆங்கில எழுத்து என்று ஓர் அடையாளம் இருக்கும். அரங்கைச் சுற்றி ஒரு கம்பிவளையம் பதித்திருக்கிறார்கள் என்று அதற்குப் பொருள். மேடையின் ஒலிவாங்கியில் பேசுவது அந்த வளையத்தில் காந்தப்புலமாக மாறுகிறது. காதுக்கருவிக்குள் இருக்கும் சிறு சுருள் அதை நேராக வாங்கிக்கொள்கிறது. பக்கத்து இருக்கை இருமலோ அரங்கின் எதிரொலியோ நடுவில் வராது. இந்தச் சுருள் எல்லாக் காதுக்கருவியிலும் இருக்காது. இருந்தாலும் அதை இயக்கிவிட வேண்டும். கருவி வாங்கிய இடத்தில் ஒரு வார்த்தை கேட்டு வைத்தால், நாடகத்தில் ஒரு வசனமும் விடாமல் தாத்தா கேட்டுவிட்டு வருவார். இந்த வசதி தன் கருவியிலேயே இருப்பது தெரியாமல், நாடகம் பார்ப்பதையே நிறுத்திவிட்டவர்கள் உண்டு என்பது எனக்குப் பெரிய வருத்தம்.

பார்வை குறைந்தவர்களுக்கு, வசனங்களுக்கு இடையில் மேடையில் நடப்பதைக் காதில் சொல்லும் ஒலி விவரணை 1981-இல் வாஷிங்டனின் அரீனா ஸ்டேஜ் அரங்கில் தொடங்கியது. இப்போது பல நாடுகளில் இருக்கிறது. சிறு குழந்தைகளுக்கும் ஆட்டிசம் உள்ளவர்களுக்கும் ஏற்றபடி, தளர்வான காட்சிகள் என்று தனியாகவே போடுகிறார்கள். அரங்க விளக்கை முழுதாக அணைக்க மாட்டார்கள், திடீர் சத்தங்களைக் குறைத்துவிடுவார்கள், எழுந்து நடக்கலாம், வெளியே போய்விட்டுத் திரும்ப வரலாம். உங்கள் ஊர் அரங்கில் அப்படி ஒரு காட்சி இருந்தால் என் பட்டியலில் அது அருங்காட்சியகத்தையும் முந்திவிடும். இல்லையென்றால் நாலு வயதுக் குழந்தையை இரண்டு மணி நேர நிகழ்ச்சிக்கு அழைத்துப் போவது குழந்தைக்கும் தண்டனை, பக்கத்தில் இருப்பவர்களுக்கும் தண்டனை.

திறந்தவெளி விழா

சந்தோஷம் என்று பார்த்தால் இதற்கு ஈடில்லை. ஆடலாம், பாடலாம், குழந்தை ஓடலாம், யாரும் வாயை மூடச் சொல்ல மாட்டார்கள். பெரும்பாலும் இலவசம். பிரான்சில் 1982-இல் கலாசார அமைச்சர் ஜாக் லாங் காலத்தில் தொடங்கிய இசைத் திருநாள், ஜூன் 21 அன்று தெருவெங்கும் யார் வேண்டுமானாலும் வாசிக்கலாம் என்ற எண்ணத்தில் பிறந்தது. இன்று நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளில் நடக்கிறது. டிக்கெட் எடுக்கத் தயங்குபவர், ‘நமக்கு இதெல்லாம் புரியுமா’ என்று கூசுபவர், எல்லோரும் வந்து நிற்கக்கூடிய இடம் தெருதான். பதின்ம வயதுப் பெண் தானாகக் கிளம்பும் ஒரே நிகழ்ச்சியும் அநேகமாக இதுவாகத்தான் இருக்கும்.

கவலை மூன்று விஷயத்தில். தரை, கூட்டம், சத்தம்.

தரை புல்லாகவோ மணலாகவோ இருந்தால் சக்கர நாற்காலியின் முன் சக்கரம் அழுந்தி நின்றுவிடும். முன்னால் தள்ளத் தள்ள இன்னும் புதையும். நாற்காலியைத் திருப்பி, பெரிய சக்கரம் முன்னே வரும்படி பின்னோக்கி இழுத்தால் நகரும். மேடை பக்கத்திலேயே நடைபாதையோ சாலையோ இருக்கும் விழாக்களை மட்டும் தேர்ந்தெடுங்கள்.

கூட்டத்தை அளக்கக் கண்ணே போதும். ஒரு சதுர மீட்டரில் இரண்டு மூன்று பேர் நின்றால் நாம் நினைத்த திசையில் நடக்கலாம். நாலு பேரைத் தாண்டினால் இடித்துக்கொண்டுதான் போக வேண்டும். ஐந்து, ஆறு பேர் என்று ஆனபின் காலை நாம் எடுத்து வைப்பதில்லை, கூட்டம்தான் நம்மை நகர்த்தும். நாலா பக்கமும் அடுத்தவர் தோள் உங்கள் மேல் படுகிறது என்றால், அந்த நொடியே குறுக்குவாட்டில் ஓரத்தை நோக்கி நகரத் தொடங்குங்கள். பாட்டு முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

சத்தத்துக்கு உலகச் சுகாதார நிறுவனம் 2022-இல் ஒரு வரம்பு சொன்னது: இசை நிகழ்ச்சிகளில் சராசரி 100 டெசிபலைத் தாண்டக் கூடாது, காதுக்கு ஓய்வு கொடுக்க அமைதியான இடம் ஒன்று ஒதுக்க வேண்டும். இதை எல்லோரும் கடைப்பிடிப்பதில்லை. திறந்தவெளியில், ஒலிபெருக்கியிலிருந்து நிற்கும் தூரம் இரண்டு மடங்கானால் சத்தம் ஏறக்குறைய 6 டெசிபல் குறையும். பத்து மீட்டரில் நிற்பவர் நாற்பது மீட்டருக்குப் பின்வாங்கினால் 12 டெசிபல் மிச்சம். குழந்தைக்குக் காதை முழுதாக மூடும் தலைக்கவசம் போன்ற காதுமூடி வாங்குங்கள். சின்ன அடைப்பான்களைப் பிடுங்கி வாயில் போட்டுக்கொள்வார்கள்.

விழா தொடங்கும் முதல் ஒரு மணி நேரத்துக்கு மட்டும் ஐந்து பேருமாகப் போங்கள். பெரிய கலைஞர்கள் மேடையேறுவதற்கு முன், வளரும் கலைஞர்கள் வாசிக்கும் நேரம் அது. கூட்டம் இருக்காது, உட்கார இடம் கிடைக்கும், மேடையில் இருப்பவரின் விரல் அசைவுகூடத் தெரியும். பிறகு பாட்டியும் குழந்தையும் வீடு திரும்பட்டும். பெண் தன் தோழிகளோடு இருந்துவிட்டு வரட்டும்.

பூங்கா, நூலகம்

பூங்காவைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை. போவதும் எளிது, வருவதும் எளிது. வாரத்துக்கு மொத்தம் 120 நிமிடமாவது பசுமையான இடங்களில் கழிப்பவர்கள் உடல்நலமும் மனநிறைவும் கூடுதலாக இருப்பதாகச் சொல்கிறார்கள் என்று, இங்கிலாந்தில் ஏறக்குறைய 20,000 பேரிடம் திரட்டிய தகவல் 2019-இல் வெளியானது. ஒரே மூச்சில் போனாலும் பிரித்துப் பிரித்துப் போனாலும் பெரிய வித்தியாசமில்லையாம். பெஞ்சுகள் எவ்வளவு தூரத்துக்கு ஒன்று என்பதை மட்டும் கவனியுங்கள். பலரும் நடந்து புழங்கும் இடங்களில் 50 மீட்டருக்கு ஒரு இருக்கையாவது வேண்டும் என்று பிரிட்டன் அரசின் வழிகாட்டி சொல்கிறது. அது பாட்டியின் நடைக்குச் சரியான கணக்கு. ‘சும்மா மரத்தைப் பார்க்கவா?’ என்று கேட்கும் பெண்ணுக்கு, பறவை பார்ப்பவர்களின் காலை நடை எப்போது என்று விசாரித்துச் சொல்லுங்கள். கையில் ஒரு பைனாகுலர் வந்தால் அவள் பார்வையே மாறிவிடும்.

நூலகத்தில் கதை சொல்லும் நேரம், எழுத்தாளர் சந்திப்பு, சிறு கண்காட்சி என்று நடந்துகொண்டேதான் இருக்கின்றன. வீட்டுக்கு மிக அருகில், இலவசமாக, அமைதியாக. முதன்முறை வெளியே அழைத்துப் போகும்போது கூட்டத்தைக் கண்டு மிரளும் குழந்தைக்கு இதைவிட நல்ல தொடக்கம் இல்லை.

இரவு வானம்

என் மனதுக்கு மிக நெருக்கமானது இது. பல ஊர்களில் ஆர்வலர் குழுக்கள் மைதானத்திலோ தெருமுனையிலோ தொலைநோக்கி வைத்து நிலாவைக் காட்டுகிறார்கள். பௌர்ணமிக்குப் போகாதீர்கள். அன்று சூரிய ஒளி நிலாவின் மேல் நேராக விழுவதால் நிழலே இருக்காது, தட்டையாகத் தெரியும். வளர்பிறையின் அரைநிலா நாளில் போங்கள். ஒளியும் இருளும் சந்திக்கும் கோட்டில் ஒவ்வொரு பள்ளத்தின் விளிம்பும் நீள நிழல் விட்டுக் கிடக்கும். கலிலியோ 1609-இல் பார்த்து, நிலாவிலும் மலை உண்டு என்று உணர்ந்தது இந்த நிழல்களை வைத்துத்தான். ‘போர்’ என்று சொல்லிக்கொண்டு வந்த பெண் கண்ணை எடுக்காமல் நிற்பதையும், பின்னால் வரிசை நீள்வதையும் பார்க்கலாம்.

குறை என்னவென்றால், தாங்கியில் நிற்கும் பெரிய கண்ணாடித் தொலைநோக்கியில் கண் வைக்கும் இடம் குழாயின் மேல்நுனிக்குப் பக்கத்தில் இருக்கும். நிலா தலைக்கு மேலே இருந்தால் பெரியவர்களே படியேறித்தான் பார்க்க முடியும். சித்தப்பாவுக்கு எட்டாது. நிலா சாய்ந்து அடிவானத்துக்கு இறங்கும்போது குழாயும் சாய்ந்து அந்த இடம் கீழே வந்துவிடும். வளர்பிறை அரைநிலா பொழுது சாயும் நேரத்தில் உச்சிக்கு அருகே நிற்கும், நள்ளிரவை ஒட்டி மறையும். அதனால் சற்றுத் தாமதமாகப் போவது அவருக்கு நல்லது. கண் வைக்கும் இடத்தில் செல்போனைப் பொருத்தித் திரையில் காட்ட முடியுமா என்றும் கேட்கலாம். வழக்கமாக மகிழ்ச்சியோடு செய்து கொடுப்பார்கள்.

எங்கே போனாலும் முதலில் ஒரு போன்

‘மாற்றுத்திறனாளி வசதி இருக்கிறதா?’ என்று கேட்டால் ‘இருக்கிறது’ என்றுதான் பதில் வரும். வேறு மாதிரி கேளுங்கள். வாசலில் எத்தனை படி? சாய்தளம் எவ்வளவு நீளம்? ஒரு பங்கு உயரத்துக்குப் பன்னிரண்டு பங்கு நீளம் என்பது பரவலான விதி. 15 செ.மீ. உயரமுள்ள ஒரே படிக்கு 180 செ.மீ. நீளம் வேண்டும். ஒரு பலகையைச் சாய்த்துப் போட்டுவிட்டு அதைச் சாய்தளம் என்று சொல்கிற இடங்களில் தள்ளுபவருக்கும் ஆபத்து, உட்கார்ந்திருப்பவருக்கும் ஆபத்து. கதவின் அகலம் 80 செ.மீ. இருக்கிறதா? லிஃப்ட் இன்று வேலை செய்கிறதா? சக்கர நாற்காலி நுழையும் கழிப்பறை எந்தத் தளத்தில் இருக்கிறது, அதன் சாவி யாரிடம் இருக்கிறது? கடைசிக் கேள்வியைக் கூச்சப்படாமல் கேளுங்கள். துடைப்பமும் வாளியும் அட்டைப்பெட்டியும் அடுக்கிப் பூட்டி வைத்திருக்கும் கழிப்பறைகள் ஏராளம். நீங்கள் வருவதாகச் சொன்னால்தான் காலி செய்து வைப்பார்கள்.

சித்தப்பாவையே பேசச் சொல்வது இன்னும் நல்லது. எந்த உயரம் தன்னால் முடியும், எது முடியாது என்பது அவருக்குத்தான் தெரியும். அவருக்காக அவரில்லாமல் முடிவெடுத்து, ‘உங்களுக்கு ஒத்துவராது’ என்று வீட்டில் விட்டுவிட்டுப் போவதுதான் பல குடும்பங்களில் நடக்கிறது.

ஐந்து பேரும் ஒன்றாகப் போயே ஆக வேண்டும், தேர்வு ஒன்றுதான் என்றால், வார நாள் காலையில் அருங்காட்சியகத்தின் இரண்டு கூடங்கள். அதிலும் ஒரு கூடத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமை அந்தப் பெண்ணுக்கு, இன்னொன்று பாட்டிக்கு. அன்றைக்கு லிஃப்ட் பழுது என்று போனில் சொன்னால் திட்டத்தைக் கைவிடாதீர்கள், பெஞ்சு இருக்கும் பூங்காவுக்கு வண்டியைத் திருப்புங்கள்.